மிச்சம் எது, லாபம் எது?

கூட்டுறவுச் சங்கத்தின் வருஷாந்தரப் பொதுக்குழுவில் வரவு செலவு அறிக்கை வாசிக்கப்படும்போது, அங்கத்தினர் பெரும்பாலோர் அதன் கடைசி வரிக்காகவே காத்திருக்கின்றனர். நிகர லாபம் இவ்வளவு என்று படித்தால் கைதட்டல் எழுகிறது. நஷ்டம் என்று படித்தால் முணுமுணுப்பு எழுகிறது. அந்தக் கடைசி வரி எப்படிப் பிறந்தது என்று கேட்போர் மிகச் சிலரே.

கேட்க வேண்டிய அவசியம் உண்டு. கிடங்கில் சேலைகள் அடுக்கடுக்காக இருக்கும்; தறிக்குக் கொடுக்கப் பாவு இராது. "நூல் வாங்கப் பணம் இல்லை" என்று சங்கம் கையை விரிக்கும். சென்ற ஆண்டின் அறிக்கையைப் புரட்டிப் பார்த்தால் அதே சங்கம் லாபம் காட்டியிருக்கும். லாபம் கண்ட சங்கத்தில் நூலுக்குப் பணம் இல்லாமற் போவது எவ்வாறு? இது மாயமன்று, கணக்கைப் படிக்கும் முறையில் உள்ள கோளாறு. அதன் பலனை அனுபவிப்பவனோ, தறி நின்றுபோன நெசவாளி. ஆகவே செலவு, வரவு, லாபம் என்னும் மூன்று சொற்களையும் சில எளிய கணக்குகளின் வாயிலாகப் பார்ப்பது நம் அங்கத்தினர்களுக்குப் பயன்படும் எனக் கருதுகிறேன்.

சொற்களே கடினம், எண்கள் அல்ல

கணக்கு என்றதும் பலர் பின்வாங்குவது பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் அஞ்சியே என்று நினைக்கிறோம். அணா, பை என்று எண்ணிய காலத்தில் அந்த அச்சத்திற்கு நியாயம் இருந்தது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி நம் நாட்டில் தசாம்ச நாணயம் வந்தபின் அந்தத் தொல்லை பெருமளவு நீங்கிற்று. இன்றோ சட்டைப் பையில் உள்ள கைபேசியே பெருக்கியும் வகுத்தும் தந்துவிடுகிறது. ஆனால் எதை எதனால் பெருக்குவது, எதிலிருந்து எதைக் கழிப்பது என்பதைக் கைபேசி சொல்லாது. அதைச் சொல்வது கணக்கில் உள்ள சொற்கள்.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். காரி நாயனார் இயற்றிய 'கணக்கதிகாரம்' கணக்குகளை வெறும் எண்களாகத் தருவதில்லை. பலாப்பழத்தை அறுக்காமலே அதன் சுளைகளை எண்ணிச் சொல்வது போன்ற அன்றாட வாழ்க்கைச் செய்திகளாகவே தருகிறது. சொல்லைப் புரிந்துகொண்டவனுக்கே விடை கிட்டும் என்பது அதன் போதனை.

லாப நஷ்டக் கணக்கு எதுவாயினும் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டால் போதும். முதலாவது: எதைப் பற்றிய கணக்கு இது; ஒரு சேலைக்கா, ஒரு மாதத்திற்கா, ஓர் ஏக்கருக்கா? இரண்டாவது: செலவுகள் யாவை, அவற்றுள் உற்பத்தி கூடினால் கூடுபவை எவை, கூடினாலும் குறைந்தாலும் மாறாதவை எவை? மூன்றாவது: உண்மையில் விற்ற அளவு என்ன, கைக்கு வரும் விலை என்ன? நான்காவது: வரவிலிருந்து செலவைக் கழித்தால் வருவது என்ன? முதற் கேள்வியைத் தாண்டிக்கொண்டு நான்காவதற்குப் பாய்வதே தவறுகளுக்குத் தாய்.

ஒரு சேலைக் கணக்கு

ஒரு நெசவாளர் சங்கம் மாதம் 400 சேலைகள் உற்பத்தி செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சேலைக்கு நூல் ரூ. 380, சாயம் ரூ. 60, பாவு தயாரிப்பு ரூ. 40, நெசவுக் கூலி ரூ. 450, கட்டுவதற்கும் அனுப்புவதற்கும் ரூ. 20, ஆக ரூ. 950. இவை மாறும் செலவுகள். தறி ஓடினால் உண்டு, ஓடாவிட்டால் இல்லை. இவையன்றிக் கட்டட வாடகை ரூ. 12,000, சிப்பந்திகள் சம்பளம் ரூ. 38,000, கடன் வட்டி ரூ. 6,000, மின்சாரம் முதலியன ரூ. 4,000, ஆக மாதம் ரூ. 60,000. இவை நிலைச் செலவுகள். ஒரு சேலைகூட விற்காவிட்டாலும் இவற்றைக் கொடுத்தே தீர வேண்டும். சேலையின் விற்பனை விலை ரூ. 1,150.

ஒவ்வொரு சேலையும் தன் சொந்தச் செலவான ரூ. 950 போக ரூ. 200 கொண்டு வருகிறது. இந்த 200 ரூபாயை உடனே லாபம் என்று எண்ணிவிடலாகாது. முதலில் நிலைச் செலவை அது அடைக்க வேண்டும். 60,000த்தை 200ஆல் வகுத்தால் 300 வருகிறது. அதாவது முதல் 300 சேலைகள் வாடகைக்கும் சம்பளத்திற்கும் வட்டிக்குமே உழைக்கின்றன. 301ஆவது சேலையிலிருந்துதான் லாபம் பிறக்கிறது. 400 சேலைகளும் விற்றால் எஞ்சிய 100 சேலைகள் ஆளுக்கு 200 வீதம் ரூ. 20,000 லாபம் தருகின்றன.

தம் சங்கத்தில் இந்த 300 என்னும் எண் எது என்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருக்க வேண்டும். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்ற அந்த எல்லைக் கல்லைத் தாண்டிவிட்டோமா என்று மாதந்தோறும் பார்ப்பது, ஆண்டு இறுதியில் ஒருமுறை பார்ப்பதைவிடப் பன்மடங்கு நன்று.

நூல் விலையை எழுதும்போது ஓர் எச்சரிக்கை. கிலோ ரூ. 384 வீதம் 100 கிலோ நூல் வாங்கி, கழிவு போக 96 கிலோவே துணியாக வந்தால், அந்த 96 கிலோவே ரூ. 38,400 முழுவதையும் சுமக்க வேண்டும். அப்போது கிலோவின் உண்மை விலை ரூ. 384 அன்று, ரூ. 400. பட்டியலில் கண்ட விலையை அப்படியே எழுதினால் கிலோவுக்கு 16 ரூபாய் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து போகும்.

விற்காத சேலைக்கு என்ன விலை?

அதே மாதம் 400 சேலைகள் நெய்து, 260 மட்டுமே விற்றன என்போம். 260ஐ 200ஆல் பெருக்கினால் ரூ. 52,000. நிலைச் செலவு ரூ. 60,000. ஆகவே நஷ்டம் ரூ. 8,000. எஞ்சிய 140 சேலைகள் கிடங்கில் உள்ளன. அவற்றில் முடங்கிய பணம் 950 வீதம் ரூ. 1,33,000. நூல் வாங்க வேண்டிய பணம் இதுவே.

இப்போது ஏட்டில் நடக்கும் விந்தையைக் கவனியுங்கள். கையிருப்புச் சேலைகளை அடக்க விலையான 950க்குப் பதிலாக விற்பனை விலையான 1,150க்கு மதிப்பிட்டு எழுதினால், 140 சேலைகளில் ரூ. 28,000 கூடிவிடுகிறது. ரூ. 8,000 நஷ்டம் மறைந்து ரூ. 20,000 லாபம் தோன்றுகிறது! சேலைகள் யாவும் விற்றுவிட்டாற்போல் ஏடு பேசுகிறது. பெட்டியிலோ பணம் இல்லை. லாபம் கண்ட சங்கத்தில் நூலுக்குப் பணம் இல்லாத மர்மம் பெரும்பாலும் இதுதான்.

கையிருப்பை அடக்க விலையிலோ சந்தை விலையிலோ, இரண்டில் குறைந்தது எதுவோ அதில்தான் மதிப்பிட வேண்டும் என்பது கணக்கியலின் விதி. அந்த 140 சேலைகளும் பழைய மாதிரியாகிவிட்டன, ஒன்று ரூ. 700க்குத்தான் போகும் என்றால், சேலைக்கு ரூ. 250 வீதம் மேலும் ரூ. 35,000 நஷ்டம். மொத்த நஷ்டம் ரூ. 43,000. ஏடு காட்டிய 20,000 லாபத்திற்கும் உண்மையான 43,000 நஷ்டத்திற்கும் இடையே உள்ள தூரம் ரூ. 63,000. சேலைகள் அவையே, கிடங்கும் அதுவே. மதிப்பிட்ட முறை ஒன்றே வேறு.

தள்ளுபடியில் மறையும் லாபம்

கைத்தறித் துணிக்குத் தள்ளுபடி என்பது நமக்குப் பழகிய ஏற்பாடு. மில் துணி மீது கூடுதல் தீர்வை விதித்து, அதைக் கதர், கைத்தறித் தொழில்களின் வளர்ச்சிக்குப் பயன்படுத்த 1953ஆம் ஆண்டில் மத்திய சட்டம் இயற்றப்பட்டது. பண்டிகை நாட்களில் துணி விலைபோகத் தள்ளுபடி உதவுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் தள்ளுபடிக் கணக்கில் ஒரு கண்ணி உண்டு.

எல்லாச் செலவும் சேர்ந்து ஒரு சேலையின் அடக்கம் ரூ. 1,000 என்போம். அதன்மேல் நூற்றுக்கு 30 ஏற்றி விலை வைத்து, பிறகு நூற்றுக்கு 20 தள்ளுபடி கொடுத்தால் லாபம் எவ்வளவு? "முப்பதில் இருபது போனால் பத்து, ஆகவே நூறு ரூபாய்" என்று சொல்லத் தோன்றும். அது தவறு. 30 என்பது அடக்க விலையில் நூற்றுக்கு 30. 20 என்பது விற்பனை விலையில் நூற்றுக்கு 20. விலை ரூ. 1,300, அதில் நூற்றுக்கு 20 என்பது ரூ. 260, கைக்கு வருவது ரூ. 1,040. லாபம் ரூ. 40தான். நூற்றுக்கு 25 ஏற்றி நூற்றுக்கு 20 தள்ளினால் 1,250 மீண்டும் 1,000 ஆகிவிடும், லாபம் சூனியம். நூற்றுக்கு 20 ஏற்றி 20 தள்ளினால் 1,200 என்பது 960 ஆகிச் சேலைக்கு ரூ. 40 நஷ்டம். நூற்றுக்கு இத்தனை என்று யார் சொன்னாலும், "எந்த நூற்றுக்கு?" என்று உடனே கேளுங்கள்.

தள்ளுபடித் தொகையை அரசாங்கம் ஈடு செய்யும் இடங்களில் வேறொரு கேள்வி எழுகிறது. 600 சேலைகள் இவ்வாறு விற்றால் தள்ளுபடி ரூ. 1,56,000. அது வரவேண்டிய பாக்கி. வந்த பணம் அன்று. ஆறு மாதம் கழித்து வந்தால், அதுவரை நூற்றுக்கு 12 வட்டிக்குக் கடன் வாங்கி நூல் கொள்முதல் செய்த சங்கத்திற்கு ரூ. 9,360 வட்டிச் செலவு. இந்த வட்டியையும் பண்டிகை விற்பனையின் செலவிலேயே சேர்க்க வேண்டும்.

வீட்டாரின் உழைப்புக்கு விலை இல்லையா?

விவசாய அங்கத்தினர்க்கு ஒரு கணக்கு. ஓர் ஏக்கர் நிலக்கடலைக்கு விதை ரூ. 8,000, உழவு ரூ. 5,000, உரமும் மருந்தும் ரூ. 6,000, வெளியாள் கூலி ரூ. 13,000, சாக்கு முதலியன ரூ. 2,000; ஆக ரூ. 34,000. மகசூல் 8 குவிண்டால். விலை குவிண்டால் ரூ. 6,000, வரவு ரூ. 48,000. "ரூ. 14,000 லாபம்" என்கிறார் விவசாயி.

அது லாபமன்று, மிச்சம். அவரும் அவர் மனைவியும் மக்களும் அந்த வயலில் உழைத்தது 40 ஆள் நாட்கள் எனில், நாளுக்கு ரூ. 400 வீதம் ரூ. 16,000 கூலி. இதைச் சேர்த்தால் செலவு ரூ. 50,000, நஷ்டம் ரூ. 2,000. சொந்த நிலத்திற்கு நியாயமான குத்தகையும் சொந்த முதலுக்கு வட்டியுமாக ரூ. 6,000 சேர்த்தால் செலவு ரூ. 56,000, நஷ்டம் ரூ. 8,000. பணம் கையில் நிற்பதும் உண்மை, நஷ்டம் என்பதும் உண்மை. வீட்டார் பெற வேண்டிய கூலியைக் குறைவாகப் பெற்றுக்கொண்டனர் என்பதே இதன் பொருள்.

இது வெறும் ஏட்டு வாதமன்று. விளைபொருள்களின் விலையைப் பரிந்துரை செய்ய 1965ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மத்திய ஆணையம், சாகுபடிச் செலவை இப்படித்தான் படிப்படியாகப் பிரிக்கிறது. கையிலிருந்து கொடுத்த செலவு ஏ-2 எனப்படும். குடும்ப உழைப்பின் மதிப்பையும் சேர்த்தது ஏ-2 கூட்டல் எஃப்.எல். சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பும் சொந்த முதலின் வட்டியும் சேர்ந்தது சி-2. நம் கணக்கில் ஒரு குவிண்டாலுக்கு இவை முறையே ரூ. 4,250, ரூ. 6,250, ரூ. 7,000 ஆகின்றன. குறைந்தபட்ச ஆதரவு விலை உற்பத்திச் செலவின் ஒன்றரை மடங்காவது இருக்கும் என 2018-19 வரவு செலவுத் திட்டத்தில் மத்திய அரசாங்கம் அறிவித்தபோது, அடிப்படையாகக் கொண்டது இரண்டாவது செலவை. விவசாயிகள் அமைப்புகள் கோருவது மூன்றாவதை. நம் எண்களில் ஒன்றரை மடங்கு எனில் முன்னது ரூ. 9,375, பின்னது ரூ. 10,500. 'செலவு' என்ற ஒரு சொல்லின் பொருளில் குவிண்டாலுக்கு ரூ. 1,125 அடங்கியிருக்கிறது!

நெசவாளர் வீட்டிலும் இதே நிலைதான். தார் சுற்றுவதும் பாவு பிணைப்பதும் பெரும்பாலும் பெண்டிரும் முதியோரும் செய்யும் வேலை. சேலைக்கு ரூ. 450 கூலி என்பது ஒருவர் கூலியா, ஒரு குடும்பத்தின் கூலியா என்று கேட்டுப் பார்த்தால், நாட்கூலி எவ்வளவு என்பது விளங்கும்.

எங்கே விற்பது?

அதே 8 குவிண்டால் கடலையைக் களத்திலேயே ரூ. 6,000க்குக் கொடுப்பதா, விற்பனைக் கூடத்தில் ரூ. 6,400க்கு விற்பதா? குவிண்டாலுக்கு 400 வீதம் ரூ. 3,200 ஆதாயம் என்று மேலோட்டமாகத் தெரிகிறது. காய வைத்ததில் 20 கிலோ எடை குறைந்தால் விற்பது 7.8 குவிண்டால், வரவு ரூ. 49,920. வண்டி, ஏற்று இறக்குக் கூலி குவிண்டாலுக்கு ரூ. 200 வீதம் ரூ. 1,560. ஒரு மாதம் காத்திருந்ததற்குப் பயிர்க்கடன் ரூ. 34,000க்கு மாதம் நூற்றுக்கு ஒன்று வீதம் வட்டி ரூ. 340. எஞ்சுவது ரூ. 48,020. ரூ. 3,200 எனக் கண்ட ஆதாயம் ரூ. 20 ஆயிற்று.

ஆகவே களத்திலேயே விற்றுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. பத்துப் பதினைந்து அங்கத்தினர்கள் சேர்ந்து ஒரே லாரியில் அனுப்பினால் குவிண்டாலுக்கு ரூ. 200 என்பது ரூ. 80 ஆகக் கூடும். அப்போது ரூ. 936 மிச்சமாகி, ஆதாயம் ரூ. 956 ஆகும். விலையை நம்மால் மாற்ற இயலாது. செலவைச் சேர்ந்து நின்றால் மாற்றலாம். கூட்டுறவின் பலம் இருப்பது இந்த இடத்தில்.

கூலியும் லாபமும்

மீண்டும் நம் சேலைச் சங்கத்திற்கு வருவோம். கூலியைச் சேலைக்கு ரூ. 30 உயர்த்தக் கோரிக்கை வருகிறது. விலையை மாற்றாமல் உயர்த்தினால் ஒரு சேலை கொண்டுவரும் 200 என்பது 170 ஆகும். 400 சேலைகளும் விற்றால் லாபம் ரூ. 20,000த்திலிருந்து ரூ. 8,000 ஆகக் குறையும். தனி முதலாளிக்கு இது ரூ. 12,000 இழப்பு. சங்கத்திற்கு அப்படியன்று. அந்த 12,000 ரூபாய் அங்கத்தினரின் வீட்டுக்கே வேறொரு வாசல் வழியாகப் போயிருக்கிறது. பங்கு ஈவாகப் போனால் பங்குத்தொகைக்கு ஏற்பப் பிரியும். கூலியாகப் போனால் தறியில் உட்கார்ந்த உழைப்புக்கு ஏற்பப் பிரியும்.

1844ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர், நெசவாளர் பலர் உட்பட, சேர்ந்து 28 பவுன் முதலில் கடை வைத்தபோது, உபரியை முதலுக்கு ஏற்பப் பிரிக்காமல் ஒவ்வொருவரும் வாங்கிய சரக்குக்கு ஏற்பப் பிரித்துக்கொண்டனர். எவ்வளவு லாபம் என்பதோடு, அது யாருக்கு, எந்த அளவில் போய்ச் சேர்கிறது என்பதையும் கேட்பது கூட்டுறவாளரின் மரபு.

எனினும் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கூலி உயர்வுக்குப் பின் எல்லைக் கல் 300 சேலையிலிருந்து 353 சேலைக்கு நகர்ந்துவிடுகிறது. முன்பு 100 சேலைகள் விற்காவிட்டாலும் சங்கம் தாங்கியது. இனி 48 சேலைகள் தேங்கினாலே நஷ்டம். ஆகவே கூலியை உயர்த்தலாமா என்ற கேள்விக்கு விடை, நாம் நெய்வது விலைபோகுமா என்ற கேள்வியின் விடையைப் பொறுத்தது. இரண்டையும் ஒரே கூட்டத்தில், ஒரே காகிதத்தில் வைத்துப் பேசுவதே முறை.

நீங்களே போட்டுப் பார்க்க

ஒரு சங்கத்தின் துண்டுப் பிரிவில் மாத நிலைச் செலவு ரூ. 18,000. ஒரு துண்டுக்கு மாறும் செலவு ரூ. 130, விலை ரூ. 160. எத்தனை துண்டு விற்றால் நஷ்டம் இராது? ரூ. 9,000 லாபம் வேண்டுமெனில் எத்தனை விற்க வேண்டும்? அரசாங்க ஈடு இல்லாமல் நூற்றுக்கு 10 தள்ளுபடி கொடுத்தால், நஷ்டமில்லாமல் நிற்க எத்தனை விற்க வேண்டும்?

விடைகள்: முதலாவது 600. இரண்டாவது 900. மூன்றாவதில் விலை ரூ. 144 ஆவதால் துண்டு ஒன்று கொண்டுவருவது ரூ. 14தான், ஆகவே 1,286 துண்டுகள். விலையில் பத்தில் ஒன்றைத்தான் விட்டுக்கொடுத்தோம். விற்பனையோ இரு மடங்குக்கு மேல் ஆக வேண்டியிருக்கிறது. அத்தனை துண்டுகளை நெய்யத் தறியும் வாங்க ஆளும் உண்டா என்று பார்த்தபிறகே தள்ளுபடித் தீர்மானத்திற்குக் கை தூக்குங்கள்.